தொலைபேசியும் பெயர்ப்பட்டியலும்: இல்லத்தரசிகள் நடத்திய அரசியல்

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் அமெரிக்க நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் பலவும் ஒருவர் சம்பளத்தில் நடந்தன என்பதும், சம்பாதித்தவர் பெரும்பாலும் கணவராகவும் பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டவர் மனைவியாகவும் இருந்தனர் என்பதும் பலரும் அறிந்தவை. அந்தப் பெண்களுள் கணிசமானோர் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் என்பதும், அவர்களில் ஒரு பகுதியினர் திருமணத்துக்கு முன்பே அரசியலில் ஆழ்ந்திருந்தார்கள் என்பதும், அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறந்த பின்னரும் அந்த நாட்டம் அவர்களை விட்டு அகலவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெட்டி ஃபிரீடன் 1963இல் வெளியிட்ட ‘தி ஃபெமினைன் மிஸ்டீக்’ என்ற நூல் புறநகர் வீடுகளில் அடைபட்டிருந்த பெண்களின் வெறுமையை எடுத்துரைத்துப் பெரும் தாக்கத்தை உண்டாக்கியது. அது சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆயினும் அதே வீடுகளின் சாப்பாட்டு மேசைகளில் கட்சித் துண்டறிக்கைகள் மடிக்கப்பட்டு உறைகளில் இடப்பட்டதையும், குழந்தைகள் மதியம் தூங்கும் நேரத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தொலைபேசியில் வரிசையாகப் பேசியதையும் அந்த நூலை மட்டும் படிப்பவர் அறிய வழியில்லை. (தன்னைப் புறநகர் இல்லத்தரசியாகவே வாசகருக்கு அறிமுகம் செய்துகொண்ட ஃபிரீடன், அதற்கு முன் தொழிற்சங்க இதழ்களில் பல ஆண்டுகள் எழுதியவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பின்னாளில் வெளிக்கொணர்ந்த செய்தி.)

இந்த நாட்டத்தை வேலைக்குப் போகாதவரின் பொழுதுபோக்கு என்று கொள்வதும், பிள்ளைகள் வளர்ந்த பின் தொடங்கப்போகும் மெய்யான அரசியலுக்கான காத்திருப்பு என்று கொள்வதும் ஒருசேரப் பிழையானவை. துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரம், அண்டை வீட்டாரோடும் பள்ளிக்கூட வாசலில் சந்திக்கும் பிற தாய்மாரோடும் உள்ள பழக்கம், ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதற்காகப் பேணப்படும் முகவரிப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டே அரசியல் செய்வதற்கான முறைகளை அவர்கள் வகுத்தார்கள். இம்முறைகள் இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் ஒன்றுபோலவே பயன்பட்டன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தாய்மை ஒருவரை அமைதியின் பக்கமோ மரபின் பக்கமோ தானாகக் கொண்டு நிறுத்துவதில்லை.

முதலில் இடதுபக்கம் நின்றவர்களைப் பார்க்கலாம். 1950களில் அணுகுண்டுகள் திறந்தவெளியில் வெடித்துச் சோதிக்கப்பட்டபோது ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் காற்றில் பரவியது. அது வேதியியல் பண்பில் கால்சியத்தை ஒத்திருப்பதால், புல்லில் படிந்து, மாட்டுப் பாலின் வழியே குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. இதை அளந்து பார்ப்பதற்காக செயின்ட் லூயிஸ் நகரில் 1958 இறுதியில் தொடங்கப்பட்ட ஆய்வு, விழுந்த பால்பற்களை அனுப்பிவைக்குமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொண்டது. ஏறத்தாழ 3 லட்சம் பற்கள் வந்து சேர்ந்தன. பல் கொடுத்த குழந்தைக்கு, அறிவியலுக்குத் தன் பல்லைத் தந்ததாக எழுதிய சட்டை வில்லை ஒன்று பரிசாகக் கிடைத்தது. உலக வல்லரசுகளின் ஆயுதப் போட்டி இவ்வாறு ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு பல்லாக வந்து விழுந்த பிறகு, அது வெளியுறவுத் துறைக்கு மட்டுமே உரிய விவகாரமாக நீடிப்பது இயலாததாயிற்று.

1961 செப்டம்பரில் சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் அணுசோதனைகளை மீண்டும் தொடங்கியபோது, வாஷிங்டனில் வசித்த டாக்மர் வில்சன் என்ற குழந்தைநூல் ஓவியர், மூன்று பிள்ளைகளின் தாய், தோழியர் சிலரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். ஒருவர் தமக்குத் தெரிந்தவர்களை அழைக்க, அவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களை அழைக்க, அழைப்பு கிளை கிளையாகப் பரவி, அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ஏறத்தாழ 60 நகரங்களில் பெண்கள் வீட்டுவேலையை ஒருநாள் நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தனர். பங்கேற்றோர் 50,000 பேர் என்று அமைப்பாளர்கள் கணக்கிட்டனர். அமைதிக்கான பெண்கள் வேலைநிறுத்தம் என்று பெயர் பெற்ற இவ்வியக்கத்துக்குத் தலைவரோ உறுப்பினர் கட்டணமோ உறுப்பினர் பட்டியலோ கிடையாது.

அந்தப் பட்டியலின்மை பின்னர் பெரும் பாதுகாப்பாக அமைந்தது. பொதுவுடைமையர் எனச் சந்தேகிக்கப்பட்டவர்களை அழைத்து, உடனிருந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் செய்வதையே வழக்கமாகக் கொண்டிருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழு, 1962 டிசம்பரில் இப்பெண்களையும் அழைத்தது. அதற்கு முன்னர் அக்குழுவின் முன் நின்ற எழுத்தாளர்களிலும் திரைக்கலைஞர்களிலும் பலர் அஞ்சி நடுங்கியிருக்க, இவர்களோ கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அரங்கை நிறைத்தனர். சாட்சி சொல்ல எழுந்தவரை எழுந்து நின்று வாழ்த்தினர். எழுந்து நிற்கத் தடை விதிக்கப்பட்டதும் கைதட்டினர். கைதட்டவும் தடை வந்தபோது சாட்சிக்குப் பூங்கொத்துக் கொடுத்தனர். அமைப்பில் பொதுவுடைமையரைச் சேர்ப்பீர்களா என்று கேட்கப்பட்ட வில்சன், யார் வருகிறார்கள் என்று கட்டுப்படுத்தத் தமக்கு வழியும் இல்லை, விருப்பமும் இல்லை என்று பதிலளித்தார். குழுவினரைப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்கள் நகைத்தன. 1963 ஆகஸ்ட் 5ஆம் தேதி மாஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கை, நிலத்தடிச் சோதனை தவிர்ந்த பிற அணுசோதனைகளைத் தடைசெய்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசகர் ஜெரோம் வீஸ்னரே இப்பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பால்பற்கள் வந்து குவிந்த அதே செயின்ட் லூயிஸ் நகருக்குச் சற்று வடக்கே, மிசிசிப்பி ஆற்றின் மறுகரையில், இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் என்ற சிறு நகரில் வேறொரு தாய் அமெரிக்கா போதுமான அணு ஆயுதங்களைக் குவிக்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஃபிலிஸ் ஷ்லாஃப்லி 1924இல் பிறந்தவர். போர்க்காலத்தில் இரவுநேரத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கும் வேலை பார்த்துப் படித்துப் பட்டம் பெற்றவர். 1945இல் ராட்கிளிஃப் கல்லூரியில் முதுகலை முடித்தவர். 1949இல் தம்மைவிடப் பதினைந்து வயது மூத்த வழக்கறிஞர் ஒருவரை மணந்து ஆறு பிள்ளைகளுக்குத் தாயானார். பள்ளியில் சேர்க்குமுன் அவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1952இலும் 1970இலும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு இருமுறையும் தோற்றார். 1964இல் ஆறாவது குழந்தையைச் சுமந்திருந்த நிலையில், பாரி கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக்க வேண்டும் என்று வாதிட்டுத் தாமே அச்சிட்டு வெளியிட்ட சிறு நூல் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் பரவியது.

1967இல் குடியரசுக் கட்சிப் பெண்கள் கூட்டமைப்பின் தலைமைக்கான தேர்தலில் கட்சி மேலிடத்தின் ஆதரவு பெற்ற வேட்பாளரிடம் ஷ்லாஃப்லி தோற்றது அவர் வாழ்வில் மிகுந்த பயன் தந்த தோல்வி எனலாம். தம் பக்கம் நின்ற பெண்களின் முகவரிகள் அவரிடம் இருந்தன. ஏறத்தாழ 3,000 பேருக்கு அதே ஆண்டு மாதந்தோறும் ஒரு செய்திமடல் அனுப்பத் தொடங்கினார். செய்திமடல் என்பது கடைகளில் விற்கப்படாமல் சந்தாதாரருக்கு அஞ்சலில் மட்டும் போய்ச் சேரும் சில பக்கத் தாள்; விளம்பரதாரரும் கிடையாது, பதிப்பாசிரியரும் கிடையாது என்பதால் எழுதியவர் நினைத்தது நினைத்தபடியே வாசகரைச் சென்றடையும்.

1970களின் தொடக்கத்தில் பேசப்பட்டது சம உரிமைத் திருத்தம். பாலினத்தின் அடிப்படையில் எவருக்கும் சட்ட உரிமை மறுக்கப்படலாகாது என்று அரசமைப்பில் சேர்க்க முனைந்த இத்திருத்தம், 1971 அக்டோபரில் பிரதிநிதிகள் அவையில் 354க்கு 24 என்ற வாக்குகளிலும் 1972 மார்ச் 22ஆம் தேதி செனட்டில் 84க்கு 8 என்ற வாக்குகளிலும் நிறைவேறியது. அமெரிக்க அரசமைப்பின்படி அது போதாது. மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 50இல் 38 மாநிலச் சட்டமன்றங்கள், ஒப்புதல் தர வேண்டும். ஓராண்டுக்குள் 30 மாநிலங்கள் ஒப்புதல் தந்துவிட்டதால் மீதம் எட்டே மாநிலங்கள்தாம், வெற்றி உறுதி என்றே எல்லோரும் நம்பினர். பாதுகாப்புக் கொள்கையிலேயே ஊறிக்கிடந்த ஷ்லாஃப்லி, இத்திருத்தம் பற்றிப் பேச அழைக்கப்பட்டபோது தமக்கு அதில் நாட்டமில்லை என்றே முதலில் கருதினார். படித்துப் பார்த்த பின் 1972 பிப்ரவரிச் செய்திமடலை அதற்கு எதிராக எழுதினார். பெண்களும் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்படுவர், கணவன் மனைவியைக் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டக் கடமை போய்விடும், விதவைக்குரிய உதவித்தொகை ஆபத்துக்குள்ளாகும் என்பவை அவர் வாதங்கள்.

இவ்வாதங்களில் மிகைப்படுத்தல் நிறைய இருந்தது. ஆனால் அவை எந்தப் பெண்ணின் அச்சத்தைத் தொட்டன என்பதைத் திருத்தத்தின் ஆதரவாளர்கள் நெடுநாள் புரிந்துகொள்ளவில்லை. இருபது ஆண்டுகள் பிள்ளை வளர்த்து, கையில் தொழிலும் சேமிப்பும் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கணவரின் கடமை என்ற ஒன்றுதான் சொத்து. அதைப் பறிக்கும் சமத்துவம் அவருக்குச் சமத்துவமாகத் தோன்றாது. ஷ்லாஃப்லியின் படையினர் அத்தகைய பெண்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் வீட்டில் கிளறிய பழப்பாகும் கொண்டுபோய்க் கொடுத்தனர். கையால் கடிதம் எழுதினர்.  கூட்டங்களில் பேசத் தொடங்குமுன் தம்மை வர அனுமதித்த கணவருக்கு ஷ்லாஃப்லி நன்றி சொல்வார். பெண்ணுரிமையாளர்களைச் சீண்டுவதற்காகவே அதைச் சொல்வதாக அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டதும் உண்டு. 35 மாநிலங்களோடு ஒப்புதல் நின்றது; ஐந்து மாநிலங்கள் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெற முனைந்தன; ஒப்புதலுக்கென விதிக்கப்பட்டுப் பின் நீட்டிக்கப்பட்ட கெடுவும் 1982 ஜூன் 30ஆம் தேதி முடிந்தது. இடையில் 1978இல், ஐம்பதை அவர் தாண்டியிருந்தபோது, சட்டப் பட்டமும் பெற்றுக்கொண்டார்.

பெண் வீட்டில் இருப்பதே உயர்ந்தது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் தாம் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கேள்வி அவரைத் தொடர்ந்தது. அது நியாயமான கேள்வியே. எனினும் அதைவிடக் கூர்மையான கேள்வியை எழுப்பியவர் ஷ்லாஃப்லியோடு மேடையில் மோதியவர்களுள் ஒருவரல்லர். வீட்டில் இருக்கும் உரிமை எந்தத் தாய்க்கு உண்டு என்று கேட்ட ஜானி டில்மன், ஆர்க்கன்சாவில் குத்தகை விவசாயி ஒருவரின் மகளாக 1926இல் பிறந்த கறுப்பினப் பெண். ஆறு பிள்ளைகளோடு லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து, சலவை நிலையம் ஒன்றில் வேலை பார்த்து, அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருந்தார். 1963இல் உடல்நலம் குன்றியபோது, ஆதரவற்ற பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு அரசு தந்த நிதியுதவியைப் பெற நேர்ந்தது.

அந்த உதவியோடு கண்காணிப்பும் வந்தது. உதவி பெறும் வீட்டில் ஆண் எவரேனும் தங்குகிறாரா என்று பார்க்க அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டுவதும், ஆணின் செருப்போ சட்டையோ கிடைத்தால் உதவியை நிறுத்துவதும் பல மாநிலங்களில் வழக்கமாக இருந்தன. தாயோடு பழகும் ஆணைப் பிள்ளைகளின் மாற்றுத் தந்தையாகக் கருதி உதவியை மறுத்த அலபாமா மாநில விதியை உச்ச நீதிமன்றம் 1968இல்தான் செல்லாததாக்கியது. டில்மன் தம் குடியிருப்பின் தாய்மாரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். நாடு முழுதும் இத்தகைய சங்கங்கள் இணைந்து உருவான தேசிய நலஉரிமை அமைப்புக்கு 1967இல் தலைவரானார். அதே 1967இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், உதவி பெறும் தாய்மார் வேலைக்கோ பயிற்சிக்கோ போயாக வேண்டும் என்றது. வசதியுள்ள வீட்டுத் தாய் பிள்ளைகளோடு இருந்தால் நாடு புகழ்கிறது, ஏழைத் தாய் அதையே செய்தால் சோம்பேறி என்கிறது என்ற முரண்பாட்டை டில்மன் விடாமல் சுட்டிக்காட்டினார். 1972இல் ‘மிஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், பிள்ளை வளர்ப்பும் வீட்டுவேலையும் வேலையே, எனவே அரசு அதற்கு ஊதியம் தரட்டும் என்று வாதிட்டார். ஒருவர் வீட்டிலிருந்தபடி அரசியலில் ஈடுபட முடிவதற்கு அவர் வீட்டு வாடகையை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை இந்த வரலாற்றில் டில்மன் அளவுக்குத் தெளிவாகச் சொன்னவர் வேறு எவரும் இல்லை.

வாடகைக் கவலை இல்லாத வீட்டில் அந்த நாட்டம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நான்சி பெலோசி சான்று. அவர் தந்தை தாமஸ் டலெசாண்ட்ரோ நாடாளுமன்ற உறுப்பினராகவும், 1947 முதல் 1959 வரை பால்டிமோர் மேயராகவும் இருந்தவர். வேலை கேட்டும் மருத்துவமனையில் இடம் கேட்டும் வீடு தேடி வந்தவர்களின் பெயரையும் தேவையையும் ஒரு கோப்பில் குறித்துவைத்து, உதவி பெற்றவரையே அடுத்து வருபவருக்கு உதவச் சொல்லும் பொறுப்பு தாயாருடையது. வாசலுக்கு வருபவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது பிள்ளைகளின் முறை. தாயார் சட்டம் படிக்கத் தொடங்கி, பிள்ளைகளின் நோயால் அதைக் கைவிட்டவர். அரசியல் என்பது வீட்டுக்குள்ளேயே நடப்பது என்ற புரிதலோடு வளர்ந்த பெலோசி 1963இல் திருமணமாகி, 1964க்கும் 1970க்கும் இடையே ஐந்து பிள்ளைகளைப் பெற்று, 1969 முதல் சான் பிரான்சிஸ்கோவில் குடியிருந்தார்.

அந்த வீட்டில்தான் ஜனநாயகக் கட்சியின் கூட்டங்களும் நிதி திரட்டும் விருந்துகளும் நடந்தன; உறை ஒட்டுவது பிள்ளைகளின் வேலை. 1975இல் மேயர் ஜோசப் அலியோடோ நூலக ஆணையத்தில் உறுப்பினராகுமாறு அழைத்தபோது, பதவி எதற்கு, உதவி மட்டும் செய்கிறேனே என்று பெலோசி தயங்கியதாகவும், வேலையைச் செய்பவர் அதற்குரிய பெயரையும் பெற வேண்டும் என்று மேயர் வற்புறுத்தியதாகவும் பெலோசியே பின்னர் எழுதியிருக்கிறார். 1976இல் கலிபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதிபர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளரே முடிவுசெய்யும் தேர்தலில், மேரிலாந்தில் வென்றதற்குப் பெலோசி தம் பிறந்தகத்து உறவுகளைக் கொண்டு திரட்டிய ஆதரவும் ஒரு காரணம். 1981இல் மாநிலக் கட்சியின் தலைவரானார். இத்தனைக்கும் மக்கள் வாக்களிக்கும் தேர்தல் எதிலும் அதுவரை அவர் நின்றதில்லை.

1987இல் நாடாளுமன்ற உறுப்பினர் சாலா பர்ட்டன் மரணப் படுக்கையில் இருந்தபோது தமக்குப் பின் பெலோசியே நிற்க வேண்டும் என்று விரும்பினார். பள்ளி இறுதியாண்டில் இருந்த கடைசி மகளிடம் பெலோசி சம்மதம் கேட்க, முதலில் உங்களுக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று மகள் சொல்லிவிட்டார். விருந்து கொடுத்தே அரசியல் செய்தவர் என்ற ஏளனத்துக்கு நடுவில் ஏப்ரல் 7ஆம் தேதி முதனிலைத் தேர்தலில் போட்டியாளர் ஹாரி பிரிட்டை ஏறத்தாழ 4,000 வாக்குகளில் முந்திய அவர், ஜூன் 2ஆம் தேதி இறுதித் தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 47. இருபது ஆண்டுகள் கழித்து, 2007 ஜனவரி 4ஆம் தேதி, பிரதிநிதிகள் அவையின் முதல் பெண் அவைத்தலைவரானார். தன் பக்கம் எத்தனை வாக்குகள் உள்ளன என்று முன்கூட்டியே எண்ணிவைத்துக்கொள்ளும் திறமைக்காகவே அவர் இன்றும் பேசப்படுகிறார். 2010இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 219க்கு 212 என்ற வாக்குகளில் நிறைவேறியது அத்திறமையின் விளைவு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவருக்கு எல்லாம் எளிது என்று இதற்கு விளக்கம் சொல்வது வழக்கம், பெலோசியும் அவ்வாறு சொல்லியிருக்கிறார். அந்த விளக்கம் கேட்க இனிமையானது, ஆனால் நம்பத்தக்கதன்று. பால்டிமோர் வீட்டுக் கோப்பும் சான் பிரான்சிஸ்கோ வீட்டுப் பெயர்ப்பட்டியலும் இல்லாத, ஐந்து பிள்ளைகளை மட்டும் வளர்த்த எண்ணற்ற தாய்மாருக்கு அந்த எண்ணிக்கை கைவரவில்லை.

பெலோசிக்கிருந்த குடும்பப் பின்னணியோ பணமோ இல்லாதவர்களும் நாடாளுமன்றத்துக்குப் போனதுண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் மழலையர் பள்ளித் திட்டம் ஒன்றுக்கான நிதி வெட்டப்பட்டபோது, இரு சிறு பிள்ளைகளோடு தலைநகர் ஒலிம்பியாவுக்குப் போய் முறையிட்ட பாட்டி மரே என்ற தாயிடம், டென்னிஸ் காலணி போட்ட வெறும் அம்மாவால் எதுவும் ஆகாது என்று சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சொல்லியனுப்பினார். மரே ஆயிரக்கணக்கான பெற்றோரைத் திரட்டி நிதியை மீட்டார். 1992இல் செனட் தேர்தலில் நின்றபோது அந்த ஏளனத்தையே தம் அடையாளமாக்கி வென்றார்.

ஆனால் பரப்புரைக்குப் போகும் பொழுதில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது தேர்தல் சட்டத்தில் நெடுங்காலம் அந்தந்தக் குடும்பத்தின் பாடாகவே இருந்தது. பரப்புரைக்காகத் திரட்டிய நன்கொடையை வேட்பாளர் சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்ற விதி, தாதிக்குத் தரும் கூலி எந்தக் கணக்கில் வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. நியூயார்க்கில் வீட்டிலிருந்தபடி ஆலோசகராகப் பணிபுரிந்துகொண்டு இரு சிறு பிள்ளைகளையும் தாமே பார்த்துவந்த லியூபா கிரெச்சென் ஷெர்லி 2018இல் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டபோது இதைத் தேர்தல் ஆணையத்திடமே கேட்டார். போட்டியிடுவதாலேயே நேரும் குழந்தைப் பராமரிப்புச் செலவை நன்கொடைப் பணத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஆணையம் அந்த ஆண்டு மே 10ஆம் தேதி ஒருமனதாக அனுமதி அளித்தது. நவம்பரில் அவர் தோற்றார். அவருக்குப் பின் வந்த தேர்தல்களில் பல வேட்பாளர்கள், தந்தையர் சிலரும் அவர்களுள் அடக்கம், அந்தச் செலவைத் தம் பரப்புரைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.